அவருக்காக நான் உருண்டது

என் கணவருக்கு ஆணுறுப்பின் உள்ளே தழும்பு போல ஏதோ இறுகி, அது வளைந்துபோயிற்று. வலியும் இருந்தது. வேலூரில் ஒரு டாக்டர் அந்தத் தழும்பிலேயே ஊசி போட்டார். மாமியாரிடம் மட்டும் இடுப்பில் ஊசி என்று சொல்லிவைத்தோம். முழங்கால் என்று சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் எண்ணெயோடு தேய்க்க வந்திருப்பார்.

மறுநாள் அந்த இடம் வீங்கிக் கருத்தது. இரத்தம் கட்டும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் பயந்தேன். மொட்டை மாடிக்குப் போய் போன் செய்தேன்.

"சார், ஜாஸ்தியா கருத்திருக்கு. கத்தரிக்கா மாதிரி."

தானே வடிந்துவிடும் என்றார். வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து மாடி அக்கா காதில் விழுந்ததை விடவில்லை. "கருத்த கத்தரிக்காய கொழம்புல போடாதம்மா, கசக்கும்."

வீக்கம் வடிந்தது. அவர் முகம்தான் தெளியவில்லை. அடுத்த முறை டாக்டர் அளந்து பார்த்து வளைவு குறைந்திருக்கிறது என்றார், இவர் நம்பவில்லை. உடை மாற்றக் கதவைத் தாழிட்டார். படுக்கையில் குழந்தையை நடுவில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்றால், "இருக்கு." வளைவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர் திரும்பி வருவாரா என்பதுதான் கவலை. கேட்டால் தப்போ, கேட்காவிட்டால் தப்போ என்றே நாள் போயிற்று.

அப்போதுதான் மாமியார் அறிவித்தார்: "இடுப்பு தேறுனா அங்கப்பிரதட்சணம் பண்ண வைக்கிறேன்னு வேண்டிக்கினேன். நல்லாதான் நடக்கறான். உருண்டுட்டு வரட்டும்."

கல் தரையில், குப்புற விழுந்து விழுந்து! என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எதுவும் அழுந்தக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

"அத்தை, நான் உருள்றேன்."

"இடுப்பு அவனுது. நீ உருண்டா எப்படிம்மா?"

"பாதி உடம்பு நான்தானே அத்தை? நம்ம ஊரு சாமியே அம்மனுக்குப் பாதி உடம்பு குடுத்தவருதானே?"

அண்ணாமலையாரையே இழுத்த பிறகு மாமியாரால் மறுக்க முடியவில்லை.

விடிகாலையில் ஈரப் புடவையோடு பிராகாரத்தில் உருண்டேன். இரண்டே புரளலில் திசை போயிற்று. மாமியார் என் புடவையை இழுத்துவிட்டபடியே கத்தினார்: "தூணுகிட்ட போறியே! இந்தப் பக்கம் வாம்மா!" தூணில் இடித்தேன். விளையாட்டென்று நினைத்த குழந்தை அப்பா கையிலிருந்து நழுவி என் பக்கத்தில் படுத்து எதிர்த்திசையில் உருண்டது. மேலே ஒரு சத்தம். அவர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எப்படிக் குனியறான்! இடுப்பு வலி விட்டுடுச்சு," என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு விபூதி வாங்கப் போனார்.

அவர் என் தலையிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டார். "வலி போயிடுச்சு. வளைவு கொஞ்சம் இருக்கு, முழுசா போவாதுன்னுதான் டாக்டரும் சொல்றாரு. கம்மியா தெரியுதான்னு நீயே பாத்து சொல்லேன்."

"இங்கியா?"

"லூசு, வூட்டுக்குப் போயி."

தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆட்டோ புடிங்க," என்றேன்.