அண்ணன் ஊத்துன எண்ணெய்

சின்ன விமானத்தோட இன்ஜின் எண்ணெய் குடிக்கும். குடிக்காத இன்ஜினே கிடையாது. பறக்கப் பறக்கக் கொஞ்சம் எரியும், நாம கொஞ்சம் ஊத்துவோம், அவ்வளவுதான். ஆனா எங்களோடது மொடாக்குடி குடிச்சுது.

எங்களோடதுன்னா, எனக்கும் சூலியா தெருவுல நாசி கண்டார் சோத்துக் கடை வச்சிருக்கிற அண்ணனுக்கும் பாதிப் பாதி. நாலு சீட்டு, அரதப் பழசு. நான் பிறையில ஃபேக்டரி வேலை பாக்கிறவ. எங்களுக்குள்ள உறவும் இல்ல, மதமும் வேற, பறக்கிற பைத்தியம் மட்டும் ஒண்ணு.

"இன்ஜினைப் பிரிக்கணும்னா செலவு நம்மால தாங்க முடியாது தங்கச்சி, வித்துட வேண்டியதுதான்"னு ஒருநாள் சொன்னார். "வித்துட்டா நான் எங்க போய்ப் பறக்கிறது? கல்லாவுல உக்காந்தே செத்துருவேன் லா." அவர் முகத்தைப் பாக்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

மெக்கானிக் சிலிண்டரையெல்லாம் சோதிச்சுட்டு ஒரு குறையும் இல்லேன்னுட்டார். ஆனா விமானத்தோட அடிவயிறு பூரா எண்ணெய் வழிஞ்சு கெடந்துச்சு. உடனே எனக்கு அண்ணன் மேல சந்தேகம். கடையில அவர் கை அப்படி. சோறு மெதக்கிற அளவுக்குக் குழம்பு ஊத்துற கை.

"இது என்ன சோத்துத் தட்டாண்ணே? அளவுக் குச்சியில ஆறாவது கோட்டுக்கு மேல ஊத்துனா இன்ஜின் வெளிய துப்பிடும்னு தெரியும்ல!" விமானம் நிறுத்துற ஹேங்கரே அதிரக் கத்துனேன். எனக்குக் கோவம் மூக்கு மேல இருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

"சத்தியமா ஆறு வரைக்கும்தான் ஊத்துறேன். அடுத்து நீ எடுக்கிறப்ப கொறையா இருக்கக் கூடாதுல்ல. பக்கத்து வீட்டுச் சட்டியை வெறுஞ்சட்டியாவா திருப்பிக் குடுப்பாங்க?"

இப்படிச் சொல்ற மனுசன்கிட்ட என்னத்தச் சண்டை போடுறது!

அடுத்த ஞாயித்துக்கிழமை அவருக்கு முன்னாடியே போயிட்டேன். அளவுக் குச்சியை உருவித் துடைச்சு, விட்டு எடுத்துப் பாத்தா, எண்ணெய் சரியா ஆறுல நிக்குது. அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அண்ணன் வந்தார். வழக்கம்போல அவரும் குச்சியை உருவி, வெளிச்சத்துல காட்டி, தள்ளிப் பிடிச்சு, கிட்டக் கொண்டுவந்து பாத்தார்.

"பாத்தியா, நாலுக்கு எறங்கிடுச்சு. மறுபடி குடிச்சிருக்கு"ன்னு எண்ணெய் டப்பாவைத் தொறந்தார்.

"அண்ணே, அது ஆறு."

"நாலு லா."

நான் அவர் விரலைப் பிடிச்சு எண்ணெய் நிக்கிற எடத்துல வச்சேன். அப்புறம் மெதுவா நகத்தி நாலாவது கோட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் தன் விரலையே பாத்துக்கிட்டு நின்னார். கத்துறதுக்குப் பேர்போன நான் அன்னிக்கு மெதுவாத்தான் கேட்டேன்.

"எத்தனை நாளாண்ணே கண்ணு இப்படி?"

அவர் டப்பாவை இறுக்கி மூடி ஓரமா வச்சார். துணியை எடுத்துக் கையைத் துடைச்சார், துடைச்சுக்கிட்டே இருந்தார்.

"அப்ப இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லியா?"ன்னு கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லா இருக்கு."

"விக்க வேண்டாம்?"

"வேண்டாம்ணே."

"அல்ஹம்துலில்லாஹ்." சிரிச்சார், நெசமாவே சந்தோசமா. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு. அவர் சாவியை என் கையில வச்சுட்டு, எறக்கையைப் பிடிச்சபடி சுத்தி வந்து, கூட வர்றவங்க உக்காருற சீட்டுல ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கிட்டார்.