பூங்கா பியானோக்களின் சுருதி

கோத்தன்பர்க் ஓபரா மேடையில் நாயகி வேடங்களில் பாடிவந்த குன்வோர் ஓகெர்லிண்டுக்கு, தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு உச்ச ஸ்வரம் ஒன்று போய்விட்டது. ஒன்றே ஒன்றுதான். அது இல்லாத நாயகியை எந்த மேடை வைத்துக்கொள்ளும்? சுந்த்ஸ்வால் மரஆலைச் சமையல்காரியின் மகள் அவள். பாட்டைத் தவிர வேறொன்றும் கற்கவில்லை. அதனால் கோடைதோறும் பியானோக்காரன் யால்மரோடு, மேடையும் நடனத் தளமும் உள்ள மக்கள் பூங்காக்களில் ஊர் ஊராகப் பாடப் போனாள்.

பூங்காவுக்குக் கூட்டம் வருவது நடனமாட. பாட்டு அதற்கு முன்னால் வரும் இடைஞ்சல்.

"சீக்கிரம் முடிங்கம்மா, கால் அரிக்குது!" என்று ஃபிலிப்ஸ்டாட் ஊர்ப் பூங்காவில் ஒருவன் கத்தினான்.

"அரிச்சா குளிச்சிட்டு வாப்பா!"

கூட்டம் சிரித்தது. அன்றுதான் அந்த ஸ்வரம் திரும்பி வந்தது. வலிக்கவில்லை, பிசிறவில்லை. அடுத்த ஊரிலும் வந்தது. அதற்கடுத்த ஊரிலும்.

"கேட்டியா யால்மர்? வந்துடுச்சு!"

"கேட்டேன்," என்றான் அவன், சாஸேஜை மென்றபடி.

யாரிடமும் சொல்லாமல் கோத்தன்பர்க் ஓபராவுக்கு எழுதிப்போட்டாள். மறுபடி பாடிக் காட்ட அழைத்தார்கள். அதே பாட்டு, பியானோவில் அரங்கத்தின் ஆள். உச்சத்துக்கு ஏறிய இடத்தில் வெறும் காற்று வந்தது.

"இன்னொரு தடவை பாடலாமே," என்றார் இயக்குநர்.

பாடினாள். கிழிந்தது. அவர் எழுந்து வந்து அவளுடைய கோட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

யால்மரை ரயில்நிலையக் காப்பிக் கடையில் பிடித்தாள்.

"பூங்காவுல வந்துச்சே?"

அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "அந்தப் பியானோ எல்லாம் குளிர்லயும் ஈரத்துலயும் கெடந்து சுருதி இறங்கினது, குன்வோர். அரைக் கட்டை. சில ஊர்ல இன்னும் கீழ. நீ எட்டினது அந்த ஸ்வரம் இல்ல, அதுக்குக் கீழ உள்ளது."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"மொத நாளே."

"என் காதுக்கு என்ன கேடு?"

"ஆசைப்பட்டுடுச்சு."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"ரொம்ப நாள் கழிச்சு நீ சிரிச்சே. கோத்தன்பர்க்குக்கு எழுதுவேன்னு நான் கண்டேனா?"

ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று மிச்சமிருந்தது. அர்விகா ஊர் மன்றத்தில். செயலாளர் வாசலுக்கே ஓடி வந்தார்.

"நீங்க வர்றீங்கன்னு ஆள் வரவழைச்சு பியானோவுக்குச் சுருதி சேர்த்துட்டோம்மா! இப்ப கோத்தன்பர்க் பியானோ கெட்டுது போங்க!"

"ரொம்ப நன்றிங்க," என்றாள் குன்வோர்.

மேடையில் யால்மர் கையைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இறக்கி வாசி," என்றாள் மெதுவாக.

"எவ்வளவு?"

"எனக்கு எட்டுற வரைக்கும்."

முழுக் கட்டை இறக்கினான். அப்போதும் அந்த இடத்தில் குரல் நடுங்கியது. யாரும் கவனிக்கவில்லை. பின்வரிசையில் நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டு, ஆடுவதற்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.