மேலக்காற்றும் தொட்டிலும்

திருப்பதிக்கு வந்து இத்தனை வருடமாகியும் மேலக்காற்று என்னை விட்டபாடில்லை. இன்று ஜன்னல் கட்டையைத் துடைத்தேன்; விரல் கறுத்துவிட்டது. தண்டவாளத்தில் நிலக்கரி வண்டி நிற்கிறது.

புத்தூரில் ரயில் இஞ்சினுக்குக் கரி கொட்டிவைக்கும் மேட்டுக்குக் கிழக்கே எங்கள் வீடு. விடிந்ததும் அம்மா வாசலுக்குப் போய் இஞ்சின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். மேலக்காற்று என்றால் கரித்தூள் வீட்டுக்குள் வரும். மூச்சு இழுக்கும் என் தங்கையின் தொட்டிலை அவிழ்த்துப் பின்னறையில் கட்டுவாள். காற்று திரும்பினால் மறுபடி முன்னறை. ஆடி முழுக்க இதே வேலை.

மாநிலம் பிரித்த அந்த வருடம் ஊரே எல்லையைப் பற்றித்தான் பேசியது. ஆந்திராவா, மெட்ராஸா? அம்மாவுக்கு வேறு கணக்கு. வீட்டுக்கும் கரிமேட்டுக்கும் நடுவில் கோடு விழுந்தால், அந்தப் பக்கத்துக்காரர்கள் மேட்டை வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பினாள்.

கரி வாரும் வேலை முடிந்து ஒருநாள் நைனா சேதியோடு வந்தார்.

"ஆந்திராதானாம். முடிஞ்சிபோச்சி."

"கரிமேடு?" என்றாள் அம்மா.

"அது எங்க பூடும்? நம்மகூடவேதான் கீது."

அம்மா வெளியே போய்ப் புகையைப் பார்த்தாள். வந்து தொட்டிலை அவிழ்த்தாள்.

இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, தங்கையின் கட்டிலைப் பின்னறைக்கு இழுக்கிறேன். அவளுக்கும் எழுபது ஆகிறது. கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்:

"மேலக்காத்தா, அக்கா?"