எஸ்தர் அக்காவின் சபையில் என் சாட்சி

கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். வலிக்கவில்லை, அதனால் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள். வலிக்காவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

திசுச் சோதனையில் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்று வந்தது. நாவலூர் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் கீமோ (நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சிகிச்சை) எடுக்க ஆரம்பித்தேன்.

பக்கத்து நாற்காலியில் எஸ்தர் அக்கா. திருவிடந்தைக்காரர். அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். மருந்து ஏறும்போது நான் உலகத்தையே திட்டிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணை மூடி ஜெபிப்பார், என் பெயரையும் சேர்த்து.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகிற ரகம் நான். "வையிற வாயால ஒரு ஸ்தோத்திரம் சொன்னா முத்தா உதுந்துடும்?" என்று கேட்டு, என்னைத் தன் சபைக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

அடுத்த ஸ்கேனில் என் கட்டிகள் கரைந்திருந்தன. அவருடையவை பெருத்திருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

டாக்டரிடம் காரணம் கேட்டேன். "சில பேருக்கு மருந்து கேக்குது, சில பேருக்குக் கேக்கல. ஏன்னு எனக்கும் தெரியலம்மா" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

பிறகு சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். குணமானவர் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்வது அங்கே வழக்கம். பாஸ்டர் நல்ல மனிதர். "சிஸ்டர் கீழ்ப்படிஞ்சு வாராவாரம் தவறாம வந்தாங்க. கர்த்தர் அதுக்குப் பலன் கொடுத்தாரு" என்று அறிமுகம் செய்தார். கைதட்டல். கடைசி வரிசையில் எஸ்தர் அக்காவின் கணவர், ஆட்டோ ஓட்டும் சாமுவேல் அண்ணன், கையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிழைத்தது பலன் என்றால், அக்கா செத்தது என்ன?

"நான் கீழ்ப்படிஞ்சு வரல. எஸ்தர் அக்கா இழுத்துட்டு வந்தாங்க" என்றேன். "எனக்காக முழங்கால் போட்டதும் அவங்கதான். எனக்குக் கிடைச்சது கிருபைன்னா, அத நான் சம்பாதிக்கல. அவங்க ஒரு குறையும் வைக்கல."

யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டுக்குப் போனார்.

வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார். "நெசமாவா சிஸ்டர்? அவ எங்கனா தப்பு பண்ணி, எங்கைல சொல்லாமப் போய்ட்டாளான்னு நெனச்சிகினே கீறேன். பேஜாரா கீது."

"ஒரு தப்பும் இல்லண்ணே."

"அப்போ ஒன்ன மட்டும் இன்னாத்துக்கு வுட்டு வெச்சாரு?"

"தெரியலண்ணே."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வந்து அதையே கேட்டார். இப்போது எல்லா ஞாயிறும் கேட்கிறார், நானும் அதையே சொல்கிறேன். எனக்கு வாரம் என்பது அந்தக் கேள்வியில் தொடங்கி அந்தக் கேள்வியில் முடிகிறது.

பரிசோதனைக்குப் போனால், பக்கத்து நாற்காலியில் யார் இருந்தாலும், என் பெயரை யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. அது நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

உடம்பு தேறிவிட்டது. கொட்டிய முடி முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. அதை அண்ணன் பார்ப்பது எனக்குக் கூசுகிறது. ஆராதனை முடிந்ததும் மற்றப் பெண்கள் முக்காட்டை எடுத்துவிடுவார்கள். நான் அவருடைய ஆட்டோ கண்ணில் மறையும்வரை எடுப்பதில்லை.

போன வாரம் பாஸ்டர் அதைக் கவனித்துவிட்டு, மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "கீழ்ப்படிதல்னா இதுதாம்மா."