திருத்தம்

பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். பிரஷ்ஷை மாற்று என்றார்கள்; மாற்றினேன். ஒரு வாரத்தில் தொடையில் நீலத் திட்டுகள். பத்தொன்பது வயதில் எனக்கு வந்தது லுகேமியா (வெள்ளணுக்கள் கெட்டுப் பெருகும் ரத்தப் புற்றுநோய்).

கீமோ இரண்டு முறை தோற்றது. என் வாய்ப்புண்ணின் நாற்றம் எனக்கே குமட்டியது. அதையும் சகித்தேன், அப்பாவின் அக்காவைத்தான் சகிக்க முடியவில்லை.

மரபணுத் திருத்தச் சிகிச்சை ஆய்வு நிலையில் இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார் சென்னை டாக்டர். அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர். பெயர்த் திருத்தம், பிறந்த தேதித் திருத்தம், அடித்த இடத்தில் சுருக்கொப்பம் என்று நாள் முழுக்க அதே வேலை. அவருக்குத் திருத்தம் என்றால் எங்கோ பிழை. ஊருக்கு வந்ததும், மரபணுவில் பிழையாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார்.

அத்தை அம்மாவிடம் திரும்பினாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல. உன் வழியா வந்ததுதான் இது."

பரிகாரமாகப் பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு கிரிவலம் போகச் சொன்னாள். அம்மா மூன்று பௌர்ணமி போனாள். கொப்புளக் காலோடு வந்து என் வாந்தியைக் கழுவுவாள். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று திருநீறு நீட்டுவாள். அப்பா வாயே திறக்கவில்லை. அத்தை, அப்பா இருவரையும் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் நாளில் அம்மா கேட்டாள். "என் ரத்தத்துல இருக்கற தப்பைத்தான திருத்தப் போறீங்க, டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட எந்தத் தப்பும் இல்லம்மா. இது பரம்பரையா வந்ததும் இல்ல. வேற ஒருத்தர் கொடுத்த வெள்ளணுவைத்தான் திருத்தறோம். அது உங்க பொண்ணு உடம்பைத் தாக்காம, கேன்சரை மட்டும் அடிக்கணும்னு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அணுக்கள் ஒரு சின்னப் பையில் வந்து ஏறின. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு மாதத்தில் மஜ்ஜையில் (எலும்புக்குள் ரத்தம் உண்டாகும் இடம்) புற்று தென்படவில்லை. அது திரும்பாமலிருக்க அம்மாவின் மஜ்ஜையை எனக்கு ஏற்றினார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு அத்தை வாய்த்தால், முதல் நாளே டாக்டரிடம் நேரே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அம்மா நடந்தாள். அதில் என்மேலும் எனக்கு அருவருப்பு உண்டு.

இப்போது எனக்கு ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் காலம். என் ரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவிலிருந்து அம்மாவின் பி பாசிட்டிவாக மாறிவிட்டது. கல்லூரி அடையாள அட்டையில் மாற்ற அப்பாவே மனு எழுதினார். காரணம் என்ற இடத்தில், கைப்பழக்கத்தில், 'பிழை திருத்தம்' என்றிருந்தது.

அவர் பேனாவை வாங்கி அதை அடித்தேன். மேலே 'தாயின் ரத்தம்' என்று எழுதி நீட்டினேன்.

"அடிச்ச இடத்துல ஒப்பம் வேணும்ப்பா."

போட்டார்.