பூட்டுக்காரர் திறந்த முட்டை

பூட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ‘அவசரம்’. வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. மூடிக் கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். பக்கத்து வீட்டில் டப்பா மூடி இறுகிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே போய்த் திறந்து கொடுத்துவிட்டு வருவார். சாவியைத் தொலைத்தவர் அது தொலைந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்திருக்கும். தொழிலுக்கு இந்தக் குணம் சரிதான். வீட்டுக்குத்தான் ஒத்துவரவில்லை.

ஏனென்றால் அவர் மனைவிக்குப் பேச்சு திக்கும். முதலெழுத்திலேயே சொல் மாட்டிக்கொண்டு நிற்கும். இவருக்குப் பொறுக்காது; மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாவம். சிக்கியதை எடுத்துவிடுகிறோம் என்றுதான் நினைப்பு. பாதி நேரம் தப்பாகவே முடிப்பார். திருத்தப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்று அந்த அம்மாளும் “ம்” என்று விட்டுவிடுவாள். அந்த வீட்டில் பாதிக் காரியங்கள் இப்படி அவர் சொல்லி அவள் ‘ம்’ போட்டு நடந்தவை.

கொல்லையில் அவள் ஒரு ஜோடி வாத்து வளர்த்தாள். இரண்டு தடவை அடை வைத்து முட்டையெல்லாம் கூழாகிப் போயிற்று. இந்தத் தடவை பூனை புகுந்து கலைத்ததில் பெட்டை வாத்து அடையைவிட்டே ஓடிவிட்டது. தப்பியது ஒரே முட்டை. அதைச் செருப்புப் பெட்டியில் துணி விரித்து, கணவரின் வேலை மேசை விளக்கடியில் வைத்து, நாள் தவறாமல் திருப்பிவிட்டு வளர்த்தாள். திருப்பும்போது அதனிடம் பேசுவாள். அப்போது மட்டும் பேச்சு திக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கும் பூட்டுக்காரருக்கு அந்த முட்டையின் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஒருநாள் காலை முட்டையில் சின்ன விரிசல். உள்ளே ‘கீச்’ என்று சத்தம். அவளுக்கு முகமெல்லாம் பல். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். பையை மாட்டிக்கொண்டே, “இ... இனிமே இதை கொ... கொ...” என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுத்துடணும், அவ்வளவுதானே? நான் பார்த்துக்கறேன், நீ கிளம்பு.”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அதைப் பார்க்க அவர் அங்கே இருந்தால்தானே. வாடிக்கையாளர் குரல் கேட்டு வாசலில் இருக்கும் கடைக்குப் போயாயிற்று. பேருந்தும் வந்துவிட்டது.

மத்தியானம் வரை விரிசல் அப்படியே இருந்தது. குஞ்சு மாட்டிக்கொண்டுவிட்டது என்று இவராக முடிவு கட்டினார். பெட்டிப் பூட்டுக்கு வைத்திருந்த மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டைச் சில்லு சில்லாகப் பெயர்த்தார். சுலபமாகத்தான் வந்தது. உள்ளே இருந்த வெள்ளைத் தோலையும் கொஞ்சம் இழுத்தார். சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கீச் சத்தம் நின்றது. கம்பியைக் கீழே போட்டார்.

சலவைக்கூடத்துக்குப் போன் போட்டு, செய்த காரியத்தை அழாத குறையாகச் சொன்னார். யந்திர இரைச்சலுக்கு நடுவே, “ர... ர...” என்றாள். அவர் வாயில் நாலு வாக்கியம் தயாராக வந்து நின்றது. தப்பாக ஒன்றைச் சொல்லி, அவளும் ‘ம்’ என்றுவிட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“ர... ரத்தம் வந்தா அது இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். தொ... தொடாதீங்க. பஞ்சை வெச்சு லேசா அழுத்துங்க. நின்னதும் வெதுவெதுப்பான தண்ணியைத் தொட்டு அந்தத் தோலை ஈரமா வைங்க. மூ... மூக்குல படக்கூடாது. அப்புறம் துணியை நனைச்சு பக்கத்துல வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. அது தானா கொ... கொத்திக்கிட்டு வரட்டும், காலையில அதைத்தான் சொல்ல வந்தேன்.”

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. போனை வைக்கப் போனார். “அ... அ...” என்று மறுபடி குரல் வந்தது. அறிவிருக்கா என்று கேட்கப் போகிறாள், கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

“அழாதீங்க” என்றாள்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு அவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பஞ்சு வைத்தார், தோலை நனைத்தார், முட்டையிடம் மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் அவள் வந்து எட்டிப் பார்த்தபோது மெல்ல ஒரு கீச். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். மறுநாள் காலை தோலில் ஓடிய ரத்த நாளங்கள் வற்றியிருந்தன. குஞ்சு தானே சுற்றிச் சுற்றிக் கொத்தி, ஓட்டின் தலைப்பகுதியை ஒரே உதையில் தள்ளிவிட்டு வெளியே விழுந்தது. பிழிந்து போட்ட கைத்துணி மாதிரி இருந்தது. பூட்டுக்காரருக்கு அதைவிட அழகான ஒன்றைப் பார்த்த நினைவில்லை.

வேடிக்கை பார்க்க அடுத்த கடைத் தையல்காரர் வந்தார். குஞ்சு தலையைத் தூக்கிப் பூட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி, “இ... இது...” என்றாள்.

“ஆணா பொண்ணான்னு கேக்கறாங்கண்ணே” என்றார் தையல்காரர்.

பூட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். “இருப்பா. அவளே சொல்லுவா.”

சொல் வருவதற்கு நேரம் ஆனது. குஞ்சையும் சேர்த்து மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“இது உ... உங்களைத்தான் அம்மான்னு நினைச்சுக்கிட்டிருக்கு.”

பூட்டுக்காரர் குஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“ம்” என்றார்.