‘இல்லை’யும் ஆமான்னு ஆன கதை

படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்தது மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில். அந்த வருஷங்களில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் போதும், கம்பெனி என்று போர்டு மாட்டிவிடலாம். எனக்கு மேலே இருந்த சீனியரை முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போனது. நான் எழுதிய ப்ரோகிராமை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துச் சிரிப்பார்.

பக்கத்துத் தெருவில் ஒரு திருமணத் தகவல் மையம். அவர்களுக்கு ப்ரோகிராம் எழுதினோம். விண்ணப்பத்தில் ‘முன்பே திருமணமானவரா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலை எழுத்தாகவே சேமித்திருந்தோம். அதை உண்மை, பொய் என்ற இரண்டில் ஒன்றாக மாற்ற வேண்டும். சீனியர் எழுதிய வரி, அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. எழுதியிருந்தால் உண்மை, காலியாக இருந்தால் பொய்.

“சார், ‘இல்லை’ன்னு எழுதியிருந்தாலும் எழுத்துதானே? அதையும் ஆமான்னு எடுத்துக்குமே” என்றேன்.

“நேத்து வந்துட்டு எனக்கு க்ளாஸ் எடுக்கிறியா? உன் வேலையைப் பாரு.”

அவர் சோதித்ததெல்லாம் காலிக் கட்டங்களை வைத்து. எனக்கு அது தெரியும். முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாட்டட்டும் என்று இருந்தேன். ப்ரோகிராம் சிடியை எடுத்துக்கொண்டு அவர் தகவல் மையத்துக்குக் கிளம்பியபோது உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கரணையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா படியேறி வந்தார். தகவல் மையத்தில் எங்களைக் கை காட்டியிருக்கிறார்கள். கையில் மகளின் விவரத்தாள். ‘முன்பே திருமணமானவர்: ஆம்’ என்று அச்சாகியிருந்தது. பேசி முடிக்கவிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே தாள்தான் போயிருந்தது.

“என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு? நீங்க வந்து சாப்பிட்டீங்களா?” மேஜையை ஓங்கித் தட்டினார்.

சீனியர் எழுந்திருக்கவே இல்லை. என் பக்கம் கையை நீட்டி, “புதுசா வந்த பொண்ணு பண்ண தப்பு சார்” என்றார்.

மானிட்டரை அந்த அப்பா பக்கம் திருப்பினேன். “இந்த வரியை எழுதினது இவர். தப்புன்னு அன்னிக்கே சொன்னேன்.”

பெண்ணின் அப்பா திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் அனுப்ப விட்டியாம்மா?”

மானிட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

‘ஆம்’ என்று இருந்தால் மட்டும் உண்மை என்று வரியை மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. திருத்திய தாளோடு முதலாளியே அவரை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போனார். வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார்களாம்.

அதற்கப்புறம் ஆறு மாசம் நானும் சீனியரும் ஒரே அறையில் ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தோம். பிறகு நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷனில் எதிரே வந்தார், சிரிக்கப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்மேல் இருக்கும் வெறுப்பு இன்றைக்கும் குறையவில்லை. கல்யாணம் நின்றுபோன அந்தப் பெண்ணை மட்டும் நான் கடைசிவரை பார்த்ததே இல்லை.